மாமியார் ஏறிய சஃபாரி வண்டி

வண்டியின் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடிக்கு லோம்பே இடுப்பில் சுற்றும் தன் பழைய சிட்டெங்கே துணியில் ஒரு துண்டைக் கிழித்து முக்காடு போட்டாள். இரண்டு முடிச்சு. பிறகு சந்தேகம் வந்து இன்னொரு முடிச்சும் போட்டாள்.

"இப்ப உங்க கண்ணுக்கு எங்கம்மா தெரியறாங்களா?"

ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்து கசூபா தலையை அப்படியும் இப்படியும் ஆட்டிப் பார்த்தான். "பின்னால யானை வந்து நின்னாலும் தெரியாது."

"யானை தெரியாட்டிப் பரவாயில்லை. அம்மா தெரியக் கூடாது."

நேற்று சின்ன விமானத்திலிருந்து இறங்கிய தம்பதியைப் பார்த்ததும், வரவேற்புப் பலகையைக் கீழே போட்டுவிட்டு, கசூபா வண்டிச் சக்கரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டானே, அந்த விருந்தாளிகள் வேறு யாருமல்ல. லோம்பேயைப் பெற்றவர்கள். சுரங்க ஊரான கிட்வேயிலிருந்து வந்திருக்கிறார்கள். நாற்பதாவது கல்யாண நாளுக்கு லுசாகாவில் இருக்கும் இளைய மகள் சிசாலா கொடுத்த பரிசு. ஜோடிகளுக்கென்றே கட்டிய கூடாரம், ஆற்றைப் பார்த்த குளியல் தொட்டி, தனி வண்டி, தனி வழிகாட்டி. போனில் படத்தைப் பார்த்ததும் சிசாலா சொக்கிப்போனாள். போன வருடம்தான் இந்தச் சஃபாரி விடுதியின் பெயரை மாற்றியிருந்தார்கள். அக்காவும் அத்தானும் வேலை பார்க்கும் இடம் அதுதான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

மாற்றிவிட கசூபாவைத் தவிர வேறு வழிகாட்டியும் இல்லை. ஒருவனுக்கு மலேரியா. இன்னொருவன் மனைவியின் பிரசவத்துக்குப் போய், இரட்டைப் பிள்ளை என்று தெரிந்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

பெம்பா இனத்தில் பிறந்தவன் மாமியார் முகத்தைப் பார்க்கக் கூடாது. பெயரைச் சொல்லக் கூடாது, நேராகப் பேசவும் கூடாது. அவள் அடுப்பில் வெந்ததைத் தின்னக் கூடாது. பெண் வீட்டார் ஒரு நாள் குறித்து, பானை பானையாகச் சமைத்து, பாடிக்கொண்டே தலையில் சுமந்து வந்து, 'இதோ எங்கள் நெருப்பு, இனி நீ எங்கள் பிள்ளை' என்று காட்டும்வரை அப்படித்தான். கசூபாவுக்குக் கல்யாணமாகி ஏழு வருடம் ஆகிறது. இன்னும் நெருப்பைக் காட்டவில்லை. கிட்வேக்குப் போனால் எல்லாரும் உள்ளே உட்கார்ந்து கோழி சாப்பிடுவார்கள். அவன் காரில் உட்கார்ந்து பன் தின்பான். அந்தத் தெரு நாய்களுக்கு அவனை நன்றாகத் தெரியும். மாமியார் பெயரை அவன் ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை. நாமும் சொல்ல வேண்டாம்.

எல்லாம் மாமனார் சிபாஷாவின் கோபம். சுரங்கப் படிப்புப் படிக்கிற பையன் என்று நம்பிப் பெண்ணைக் கொடுத்தார். பையன் படிப்பை விட்டுவிட்டுக் காட்டுக்கு வந்துவிட்டான்.

"நேத்து அம்மா ரகசியமாச் சொன்னாங்க" என்றாள் லோம்பே. "இங்கேருந்து கிளம்பறதுக்குள்ள அப்பா ஒரு முடிவு சொல்லிடுவாராம். இந்த வருஷம் நெருப்புக் காட்டறதா, இல்லையான்னு. இல்லைன்னா இனிமே அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாதாம்."

கசூபா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பன் இருந்தது.

"ஏய், குரங்கு தின்னி!" சமையலறைப் பக்கமிருந்து ஒரு குரல். ஜேரே, வெள்ளைத் தொப்பியும் கரண்டியுமாக வந்தான். "வண்டிக்கே முக்காடா? உங்காளுங்க மாமியாருக்குப் பயந்துதான்டா அந்தக் காலத்துல எங்ககிட்ட தோத்தாங்க."

"போடா எலி தின்னி. நீ சமைக்கிற சூப்புல வால் மிதக்குதுன்னு போன வாரம் ஒரு வெள்ளைக்காரம்மா புகார் கொடுத்தாங்க."

"அது வால் இல்லை, பீன்ஸ்."

"பீன்ஸுக்கு ஏன்டா மீசை இருந்தது?"

ஜேரே ங்கோனி இனம். ங்கோனிகளும் பெம்பாக்களும் பழைய சண்டை ஓய்ந்த நாள் முதலாக ஒருவரையொருவர் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளலாம், கோபம் மட்டும் வரக் கூடாது. அதற்கு ஈடாக, ஒருவன் வீட்டில் சாவோ வழக்கோ வந்தால் மற்றவன்தான் முன்னால் நின்று பேச வேண்டும். "உனக்கு ஏதாவது ஆச்சுன்னா பேச நான் இருக்கேன் மச்சான்" என்று ஜேரே கரண்டியால் கசூபாவின் தோளில் தட்டினான். "எதுக்கும் நல்ல சட்டையாப் போட்டுக்க. புதைக்கிறப்ப உதவும்."

மாலை நாலு மணிக்கு விருந்தாளிகள் வந்தார்கள். அதற்கு முன்பே கசூபா ஆற்றைப் பார்த்துத் திரும்பி நின்றுவிட்டான். சிபாஷா தொப்பியும் கோட்டுமாக நடு இருக்கையில் ஏறினார். மாமியார் ஒரு பெரிய கறுப்புக் குடையை விரித்து அதற்குள் முழுசாக மறைந்துகொண்டு கடைசி இருக்கையில் ஏறினாள். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு குடை தானாகவே சஃபாரி போவது போல இருந்திருக்கும்.

"ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா அப்பா?" என்று லோம்பே கேட்டாள்.

"எங்க தூங்கறது? வானத்தைப் பார்த்துக் குளிக்கச் சொல்றான். முப்பத்தெட்டு வருஷம் பூமிக்கு அடியில வேலை பார்த்தவன் நான். எனக்குக் கூரை வேணும். உங்கம்மாதான் தொட்டியை விட்டு எழுந்திருக்கவே மாட்டேன்னுட்டா. பாதியில ஒரு யானை வந்து அந்தத் தண்ணியைக் குடிச்சிட்டுப் போச்சு. சோப்போட குடிச்சிருக்கு. விடிய விடிய ஏப்பம் விட்டுக்கிட்டே இருந்துது."

"கட்டில்ல யாரோ பூக்குப்பையைக் கொட்டிட்டுப் போயிருந்தாங்க லோம்பே" என்றது குடை. "நான் நல்லாப் பெருக்கி விட்டுட்டேன். வேலைக்காரங்களைக் கொஞ்சம் கவனி."

ரோஜா இதழ்களால் இதயம் வரைந்து வைத்தவள் லோம்பேதான். அரை மணி நேர வேலை. "சரிம்மா" என்றாள், வழியனுப்ப வண்டிக்கு வெளியே நின்றபடி.

"டிரைவர், போகலாம்" என்றார் சிபாஷா. மருமகனை அவர் வந்ததிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறார்.

லுவாங்க்வா ஆற்றில் அந்த மாதம் தண்ணீரைவிட நீர்யானை அதிகம். அவற்றின் முதுகு மேலேயே கால் வைத்து அக்கரைக்குப் போய் உப்பு வாங்கி வந்தவர்கள் உண்டு. உப்பு நனையாது. திரும்பி வரும்போது மட்டும் இரண்டொன்று தலையைத் தூக்கி, மீதிச் சில்லறை எங்கே என்று பார்க்கும். கசூபா கரையோரமாக வண்டியை மெல்ல விட்டான்.

"அந்தக் குட்டை மான் என்னன்னு கேளுங்க" என்றது குடை.

"டிரைவர், அது என்ன மான்?"

"புகு மான், மாமா" என்றான் கசூபா ஸ்டியரிங்கைப் பார்த்து. "ஆபத்து வந்தா விசிலடிக்கும். அது விசிலடிச்சா நம்பலாம். பபூன் குரங்கு மாதிரி சும்மாக் கத்தாது."

"புகு மானாம்" என்றார் சிபாஷா பின்பக்கம் திரும்பி. "விசிலடிக்குமாம்."

"காதுல விழுந்துது."

"விழுந்துதுன்னா என்னை ஏன் கேக்கறே?"

"முறைன்னு ஒண்ணு இருக்கே."

இப்படியே யானைக் கூட்டமும் ஒட்டகச்சிவிங்கிகளும் மூன்று பேர் வாய் வழியாகப் போய் வந்தன. ஒரு யானைக் குட்டி மண்ணில் விழுந்து புரண்டபோது குடைக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது. கசூபா இத்தனை வருடத்தில் அந்தச் சிரிப்பைக் கேட்டதே இல்லை. லோம்பேயின் சிரிப்பேதான், கொஞ்சம் பெரிய அளவில்.

ஆற்றுப் பள்ளம் ஒன்றில் வண்டியை அவன் முட்டை மேல் இறக்குவது போல இறக்கி ஏற்றினான். குடை பேசியது.

"நல்லா ஓட்டுறார்னு சொல்லுங்க."

சிபாஷா எதிரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன், சொல்லிட்டேன்."

அவர் சொல்லவில்லை. கசூபாவுக்கு அந்த வார்த்தை நேராகவே காதில் விழுந்திருந்தது. ஆனால் வர வேண்டிய வழியில் வராத வார்த்தையை வந்ததாக எப்படி எடுத்துக்கொள்வது? பார்சல் எதிர்வீட்டுக்கு வந்துவிட்டது என்று தெரிந்தும் கையெழுத்துப் போட முடியாதவன் மாதிரி அவன் வண்டியை ஓட்டினான்.

சூரியன் சாயும் நேரத்துக்கு, கரையில் ஒரு மணல் மேட்டில் வண்டியை நிறுத்தி, மடக்கு மேஜையை விரித்து, ஜாடியும் கண்ணாடிக் கோப்பையும் எடுத்து வைப்பது வழக்கம். ஜோடிகள் கைகோத்து நிற்பார்கள், சூரியன் விழும், படம் எடுப்பார்கள். சிபாஷா வண்டியை விட்டு இறங்கவே இல்லை. இரண்டு கோப்பை குடித்துவிட்டு, தொப்பியை மூக்கு மேல் இழுத்துவிட்டுக் குறட்டையை ஆரம்பித்தார்.

மாமியாருக்குப் புதர்ப் பக்கம் போக வேண்டியிருந்தது. இதில்தான் வந்தது வினை.

எந்த விருந்தாளி புதர்ப் பக்கம் போனாலும் வழிகாட்டி முன்னால் போய் நாலு பக்கமும் பார்த்துவிட்டு, 'போகலாம்' என்று சொல்ல வேண்டும். மாமியார் போகிற பக்கம் மருமகன் திரும்பவே கூடாது. அவளும் மருமகனிடம் 'போகிறேன்' என்று சொல்ல முடியாது. சொல்லி அனுப்ப இருந்த ஒரே ஆள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே நல்ல புதர் ஒன்று இருந்தது. மரியாதை தெரிந்த பெண், அதனால் அது போதாது என்று நினைத்தாள். குடையைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் ஒரு கறையான் புற்றும் அதன் மேல் புளியமரமும் இருந்த இடத்துக்கு நடந்தாள்.

கசூபா ஆற்றைப் பார்த்து நின்றான். முதுகுக்குப் பின்னால் குடையின் சரசரப்பு தேய்ந்து போவது கேட்டது. எவ்வளவு தூரம் போகிறார்கள் இவர்கள் என்று அவன் அடிகளை எண்ண ஆரம்பித்தான்.

அப்போது புகு மான் விசிலடித்தது. புளியமரத்துப் பக்கமிருந்து.

கசூபாவின் கழுத்து பாதி திரும்பி நின்றுவிட்டது.

"ஆறே!" என்று கத்தாமல் உரக்கச் சொன்னான். "உன்கிட்டதான் சொல்றேன். அந்தப் பக்கம் யாராவது போயிருந்தா, அப்படியே நிக்கச் சொல்லு. ஓட வேணாம்னு சொல்லு. அங்க ஏதாவது இருக்கான்னு கேளு."

தூரத்திலிருந்து குரல் வந்தது, மிகவும் மரியாதையாக.

"மரமே, பயப்பட ஒண்ணுமில்லைன்னு சொல்லு. பெரிய மஞ்சள் நாய் ஒண்ணு படுத்திருந்துது. இப்பத்தான் எழுந்து நிக்குது. குட்டிங்ககூட இருக்கு."

கசூபா திரும்பினான்.

பார்த்தான். குடை ஒரு பக்கம் விழுந்து கிடந்தது. புற்றின் நிழலில் பெண் சிங்கம், காதைப் பின்னால் மடக்கி, வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. அதற்கும் மணல் மேட்டுக்கும் நடுவில் மாமியார். ஏழு வருடமாக அவன் பார்க்காத முகம். லோம்பேயின் நெற்றி, லோம்பேயின் மூக்கு, வயது மட்டும் வேறு.

ஓடாமல் நடந்தான். கைகளை விரித்து, சிங்கத்தின் கண்ணை விடாமல், தணிந்த குரலில் பேசிக்கொண்டே போய் இருவருக்கும் நடுவில் நின்றான். அவன் முதுகு அவள் பக்கம்.

"ஆறே, வண்டியைப் பார்த்துத் திரும்பி நிக்கச் சொல்லு. என் பெல்ட்டைப் பிடிச்சுக்கச் சொல்லு. மெதுவா நடக்கச் சொல்லு. நான் பின்பக்கமா வர்றேன்."

அவன் பெல்ட்டை ஒரு கை பிடித்தது. நடுக்கம் இல்லாத கை. முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு இருவரும் நடந்தார்கள். அவன் சிங்கத்தைப் பார்த்தான். அவள் வண்டியைப் பார்த்தாள்.

"மரமே, இடது கால்கிட்ட பள்ளம் இருக்குன்னு சொல்லு."

"ஆறே, பார்த்துட்டேன்னு சொல்லு."

"பார்க்கலை. கால் பள்ளத்துலதான் இருக்கு. எடுக்கச் சொல்லு."

சிங்கம் நாலு அடி முன்னால் வந்தது. நின்றது. இரண்டு முகமும் நாலு காலும் உள்ள, பின்பக்கமாக நடந்துகொண்டே தனக்குத்தானே மரியாதையாகப் பேசிக்கொள்ளும் விலங்கை அது பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. இதைத் தின்னலாமா, கும்பிடலாமா என்று யோசித்தது. கடைசியில் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு புற்றுக்குப் பின்னால் போய்விட்டது. இன்றும் அந்தக் கரையில் அடம்பிடிக்கிற சிங்கக்குட்டிகளை அந்த விலங்கின் பெயரைச் சொல்லித்தான் தூங்கவைப்பதாக ஜேரே சொல்கிறான். ஜேரே சொல்வதில் பாதியை நம்பலாம். எந்தப் பாதி என்றுதான் தெரியாது.

வண்டியில் குறட்டை நிற்கவே இல்லை. மாமியார் ஏறினாள். குடை போய்விட்டதால் கழுத்துத் துணியை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டாள். வழியெல்லாம் யாரும் யாருக்கும் எதையும் சொல்லி அனுப்பவில்லை.

"பார்த்துட்டீங்களா?" என்றாள் லோம்பே, விடுதிக்குத் திரும்பி அவன் நடந்ததைச் சொன்னதும். கையிலிருந்த குளியல் துண்டுகள் கீழே விழுந்தன.

"பார்த்துட்டேன்."

"கொஞ்சமா?"

"முழுசா. முதுகும் பட்டுது."

லோம்பே விழுந்த துண்டுகளின் மேலேயே உட்கார்ந்தாள். "அப்பாகிட்ட சொல்ல வேணாங்க. அவர் தூங்கிட்டுத்தானே இருந்தாரு? அம்மா சொல்ல மாட்டாங்க. இந்த வருஷமும் இல்லைன்னா நான் தாங்க மாட்டேன். எங்க வீட்டு வாசல்ல நீங்க பன் தின்னறதை இன்னொரு தடவை பார்க்க என்னால ஆகாது."

"மறைச்சு வாங்கின நெருப்புல வெந்த சோறு எனக்கு இறங்குமா லோம்பே?"

அவள் அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். அவன் இறந்து போயிருக்கலாம், அம்மாவும்தான். இருவரும் முழுசாகத் திரும்பி வந்திருக்கிறார்கள். அது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவன் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "போங்க. ஜேரே அண்ணனைக் கூட்டிக்கிட்டுப் போங்க."

இரவுச் சாப்பாடு ஆற்றங்கரை மணலில், நெருப்பைச் சுற்றி. சிபாஷா மட்டும் மேஜையில் இருந்தார். மாமியார் முறைப்படி நாணல் தடுப்புக்குப் பின்னால். ஜேரே தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கசூபாவின் காதைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்தினான்.

"பெரியவரே, இந்தக் குரங்கு தின்னி ஒரு குத்தம் பண்ணியிருக்கான். இவனுக்கு வாய் கிடையாது, அதனால நான் பேசறேன். இன்னைக்கு சாயங்காலம் இவன் பார்க்கக் கூடாதவங்களைப் பார்த்துட்டான். படக் கூடாத முதுகும் பட்டுடுச்சு. காரணம் ஒரு சிங்கம். நீங்க என்ன சொன்னாலும் கட்டுப்படறான். உயிரோட விட்டா நல்லது. நாளைக்கு வண்டி ஓட்ட ஆள் இல்லை."

"தடுப்பே!" என்றது நாணலுக்குப் பின்னாலிருந்து குரல். "இவர் பார்த்தது சிங்கத்தை. வழியில நான் நின்னேன், அவ்வளவுதான். நான் சாட்சி."

சிபாஷா கரண்டியைக் கீழே வைத்தார். நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுரங்கத்துல மேற்கூரை முறிய ஆரம்பிச்சா முதல்ல ஒரு சத்தம் கேட்கும்" என்றார். "அந்தச் சத்தத்துக்கு முன்னால ஓடறவன் உண்டு. கடைசி ஆள் வர்ற வரைக்கும் பின்னால நிக்கிறவனும் உண்டு. ஒருத்தன் அப்படி நின்னதாலதான் நான் இன்னைக்கு உக்காந்திருக்கேன். அவன் பேர் தெரியாது. அடுத்த நாள் தேடினேன், வேற ஷிஃப்டுக்குப் போயிட்டான். ஒரு வார்த்தை சொல்ல முடியலை."

ஜேரே கசூபாவின் காதை விட்டான்.

"நான் தூங்கலை" என்றார். "மான் விசிலடிச்சப்பவே முழிச்சிட்டேன். கத்தினா சிங்கம் மிரளும்னு கத்தலை. அப்புறம் விட்டது சும்மாக் குறட்டை. நிறுத்தினா என் மூஞ்சியைப் பார்த்துடுவீங்களேன்னு விட்டுக்கிட்டே வந்தேன். கண்ணெல்லாம் வேர்த்திருந்துது."

அவர் எழுந்து நின்று போனை எடுத்தார். "லுவிங்கு ஊர்ல இருக்கிற என் அக்காவைக் கூப்பிடறேன். முதல் பானையை அவதான் தூக்கணும்."

"வேணாம்" என்றது தடுப்பு.

"ஏன்?"

"வண்டியை விட்டு இறங்கினதும் நான் கூப்பிட்டுட்டேன். லாரி பேசிட்டாங்க. கிளம்பிட்டாங்க. பொம்பளைங்க மட்டும் முப்பது பேர். மேளம், பானை, உயிரோட கோழிங்க எல்லாம். நாளைக்குச் சாயங்காலம் இங்க இருப்பாங்க."

"இங்கயா?" என்றாள் லோம்பே. அவள் முகத்தில் சந்தோஷம் பாதி வந்து அங்கேயே நின்றது. "நாளைக்கு ஒரு புது ஜோடி வருதும்மா. பறவைச் சத்தம் தவிர வேற எந்தச் சத்தமும் கேக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. முதலாளியம்மாவும் அவங்ககூடவே வர்றாங்க."

"கோழியும் பறவைதானே" என்றான் ஜேரே.

கசூபாவின் காதில் இது எதுவும் விழவில்லை. சிபாஷா அவன் எதிரில் வந்து நின்றிருந்தார். அவன் சட்டைப் பையைச் சுட்டிக் காட்டினார்.

"அதுல என்ன?"

"பன், மாமா."

கையை நீட்டி வாங்கினார். இரண்டாகப் பிய்த்தார். பாதியை அவனிடம் கொடுத்துவிட்டு மீதியைத் தன் வாயில் போட்டு வெகுநேரம் மென்றார். விழுங்க முடியாமல் தண்ணீர் குடித்தார்.

"ஏழு வருஷமா இதைத்தானா?"

"சில நாள் வெண்ணெய் தடவியிருப்பேன்."

சிபாஷா தொண்டையைச் செருமிக்கொண்டார். சாயங்காலத்திலிருந்து அங்கே மாட்டிக்கொண்டிருந்தது வெளியே வந்தது.

"மாப்பிள்ளை, நீங்க நல்லா ஓட்டுறீங்களாம். சொல்லச் சொன்னா."